பால் கொடுக்கும் தாய்க்கு எந்த பேபி கேரியர்?

குழந்தையை உடம்போடு கட்டிச் சுமக்க உதவும் பேபி கேரியர் விற்கும் கடைகளில் பல டப்பாக்களின் மேல் ஒரே மாதிரி படம் இருக்கும். ‘4 இன் 1’ என்று கொட்டை எழுத்து, அதன் கீழே நான்கு சின்னப் படங்கள். முதல் படத்தில் பச்சிளங்குழந்தை அம்மாவின் வயிற்றுக்குக் குறுக்கே பைக்குள் மல்லாந்து படுத்திருக்கும். பால் கொடுக்க வசதியான நிலை என்று அதற்கு விளக்கம். அம்மா இரண்டு கைகளையும் வீசி நடந்துகொண்டிருப்பார். தாய்ப்பால் கொடுக்கும் பெண்கள் பலர் இந்தப் படத்தை நம்பித்தான் பணம் கொடுக்கிறார்கள். அந்த நான்கு நிலைகளில் முதலில் ஒதுக்க வேண்டியது இதைத்தான்.

குழந்தை உள்ளே தானாகக் குடித்துக்கொண்டிருக்க, அம்மா காய் நறுக்கலாம், துணி மடிக்கலாம் என்பதுதான் விற்பவர் காட்டும் ஆசை. அதை நம்பி வாங்கக் கூடாது. குழந்தையைச் சட்டென்று வெளியே எடுக்க முடிகிறதா, திரும்ப வைக்க முடிகிறதா, வளர்ந்த பிறகு ஒரு கையால் தளர்த்தி மார்பு மட்டத்துக்கு இறக்கி, பால் குடித்து முடித்ததும் பழையபடி மேலே ஏற்றி இறுக்க முடிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இவை மூன்றும் முடிந்தால் அது பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற கேரியர்.

மூச்சு எங்கே அடைபடுகிறது

பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலைதான். அந்தக் கனத்தைத் தாங்கும் வலு கழுத்துக்கு வர நாலு மாதமாவது ஆகும். மூச்சுக்குழாயும் மெல்லியது, எளிதில் மடங்கக்கூடியது. பைக்குள் குழந்தை சுருண்டு மோவாய் நெஞ்சில் பட்டுவிட்டால், தோட்டத்துக் குழாயை மடித்ததுபோல் காற்று போகும் வழி அடைபடுகிறது. இது ஒரு வகை ஆபத்து. மூக்கும் வாயும் துணியிலோ தாயின் மார்பிலோ அழுந்திப்போவது இன்னொரு வகை. மடியில் வைத்துக் கொடுக்கும்போது மூக்கு அழுந்தினால் குழந்தை தலையைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். கேரியரில் பின்னந்தலையைத் துணி பிடித்திருப்பதால் இழுக்க இடமில்லை. குடித்தபடியே தூங்கிவிட்டால் தலை சரிந்து, இரண்டு ஆபத்தும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

அப்போது சத்தம் வராது என்பதுதான் இதில் கொடுமை. அழுவதற்குக் காற்று வேண்டும். மூச்சு முட்டும் குழந்தை அமைதியாகிவிடும். பால் குடித்துத் தூங்கிவிட்டது என்று தாய் நினைத்துக்கொள்வாள். காதை நம்பி இதைக் கண்டுபிடிக்க முடியாது, கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

2010 மார்ச்சில் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஸ்லிங்குகள், அதாவது தோளில் மாட்டும் துணிக் கேரியர்கள், குறித்து எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் ஸ்லிங் தொடர்பான குறைந்தது 14 இறப்புகள் அதன் கணக்குக்கு வந்திருந்தன. அவற்றில் 12 குழந்தைகளுக்கு நாலு மாதம்கூட நிறையவில்லை. அதே மாதம், குழந்தையைச் சுருட்டிப் படுக்க வைக்கும் பை வடிவ ஸ்லிங் ஒன்று சுமார் 10 லட்சம் எண்ணிக்கையில் திரும்பப் பெறப்பட்டது. 2018 ஜனவரி முதல் அங்கே ஸ்லிங்குகளுக்குக் கட்டாயத் தர விதி இருக்கிறது.

அண்மைய நிகழ்வு இங்கிலாந்தில் நடந்தது. 2023 அக்டோபரில், வீட்டுக்குள் நடமாடிய தாயின் ஸ்லிங்கில் பால் குடித்துக்கொண்டிருந்த ஏழு வாரக் குழந்தை மூச்சடைத்துச் சரிந்தது. மூன்று நாளில் இறந்தும்போனது. கேரியருக்குள் பால் கொடுப்பதன் ஆபத்தைப் பெற்றோருக்குச் சொல்லும் தகவல் போதுமான அளவில் இல்லை என்று விசாரணை அதிகாரி அறிக்கை எழுதினார். அதன் பிறகு, அந்நாட்டில் குழந்தைகளின் பாதுகாப்பான உறக்கத்துக்காகப் பணியாற்றும் லல்லபை டிரஸ்ட் தன் அறிவுரையைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: கையை எடுத்துவிட்டு ஸ்லிங்குக்குள் பால் கொடுப்பது பாதுகாப்பானது அல்ல. நாலு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், எடை குறைவாகப் பிறந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல்.

ஆகவே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு இது. நாலு மாதம் முடிந்து கழுத்து நன்றாக நிற்கும்வரை, பால் கொடுக்கக் குழந்தையைக் கேரியரிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். அதன் பிறகும் உட்கார்ந்த நிலையில், ஒரு கை குழந்தையின் மேல் இருக்க, முகம் கண்ணுக்குத் தெரியக் கொடுங்கள். வெளியே எடுத்தால் முழுதாக எழுந்துவிடுமே, கட்டி அவிழ்ப்பது அலுப்பாயிற்றே என்று தோன்றும். அந்த அலுப்பைக் குறைக்கிற கேரியரைத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே விஷயம்.

பால் கொடுக்காமல் சும்மா சுமக்கும்போது பார்க்க வேண்டியவை பிரிட்டனில் ஐந்து விதிகளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. துணி தொய்வில்லாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். குனிந்து பார்த்தாலே முகம் தெரிய வேண்டும். தலையைச் சாய்த்தால் உச்சியில் முத்தம் கொடுக்க எட்ட வேண்டும். மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரலாவது நுழைய வேண்டும். முதுகு சரியாமல் தாங்கப்பட்டிருக்க வேண்டும். குழந்தையின் முதுகில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினால் உடம்பு நிமிரவோ உங்களை நோக்கி நகரவோ கூடாது. நகர்ந்தால் கட்டு தளர்ச்சி என்று அர்த்தம்.

கைச்சூடும் தாய்ப்பாலும்

“தூக்கித் தூக்கிக் கைச்சூடு பழக்கிவிடாதே” என்பது நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் பேச்சு. இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1986-இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், ஒரு பிரிவுப் பெற்றோர் குழந்தையை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருந்தார்கள். அழுகை உச்சத்தில் இருக்கும் ஆறாவது வாரத்தில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். மாலை வேளை அழுகை 51 சதவீதம் குறைந்தது.

இதற்கும் பாலுக்கும் என்ன தொடர்பு என்றால், அழுகை என்பது பசியின் கடைசி அறிகுறி. அதற்கு முன்பே குழந்தை வாயைத் திறந்து தலையைப் பக்கவாட்டில் திருப்பித் தேடும், கையைச் சூப்பும், நாக்கை நீட்டும். தொட்டிலில் கிடக்கும்போது இவை கண்ணில் படாமல் போய்விடும். நெஞ்சோடு கட்டியிருந்தால் முதல் அசைவிலேயே தெரிந்துவிடும். அழுது களைத்த குழந்தை நாக்கை மேலே தூக்கிக்கொண்டு மார்பைச் சரியாகப் பற்றாமல் திணறும். அமைதியாக இருக்கும்போதே கொடுத்தால் நன்றாகப் பற்றும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை குடிக்கும் வயதில் இது சின்ன விஷயம் அல்ல. இத்தாலியில் பேறுகால மருத்துவமனை ஒன்றில் ஒரு பிரிவுத் தாய்மார்களுக்கு மென்மையான கேரியர் கொடுத்துப் பயன்படுத்தும் விதத்தைச் சொல்லித் தந்தார்கள். ஐந்தாம் மாதத்தில் அவர்களில் 48 சதவீதம் பேர் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கேரியர் பெறாதவர்களில் 24 சதவீதம் பேர்தான்.

கேரியர் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்பதற்கு நல்ல பாடம் நம் ஊர் அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தை வார்டுகளிலேயே இருக்கிறது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கிய, குழந்தையைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோல் படக் கட்டி வைக்கும் கங்காரு பராமரிப்புதான் அது. குழந்தை இரு மார்பகங்களுக்கும் நடுவே நிமிர்ந்த நிலையில், தவளை போலக் கால் மடித்து, தலை ஒரு பக்கம் திரும்பி, மோவாய் சற்று உயர்ந்து இருக்கும். சுற்றிய துணியின் மேல் ஓரம் குழந்தையின் காதுக்குக் கீழேயே நின்றுவிடும், முகத்தை மூடாது. பால் கொடுக்கும்போது தாய் துணியைத் தளர்த்திக் கையில் ஏந்திக் கொடுப்பாள். கடையில் எந்தக் கேரியரைப் பார்த்தாலும், குழந்தை இந்த நிலையில் இருக்க அது இடம் தருகிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும்: எடை 2.5 கிலோவுக்குக் குறைந்தோ குறைமாதத்திலோ பிறந்த குழந்தைக்கு, மருத்துவர் சொல்லாமல் கடைக் கேரியர் எதுவும் வேண்டாம். கங்காரு பராமரிப்பு வேறு, கேரியர் மாட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போவது வேறு.

வகைகள்

ரிங் ஸ்லிங்: சுமார் 2 மீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு துணி. ஒரு முனையில் இரண்டு வளையங்கள் தைத்திருக்கும். 1981-இல் ஹவாயில் ரேனர் கார்னர் என்பவர் வடிவமைத்தது. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் தேர்வாக இதைத்தான் சொல்வோம். நம் வெயிலுக்கு ஒரே அடுக்குத் துணி. இடுப்பில் பட்டை இல்லாததால் சிசேரியன் தையலை அழுத்தாது. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்பதால், இது கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கான கேள்வி. குழந்தையை எடுக்கவும் வைக்கவும் முடிச்சு அவிழ்க்க வேண்டியதில்லை. மேல் வளையத்தைச் சற்றே தூக்கிச் சாய்த்தால் துணி வழுகி, குழந்தை அங்குலம் அங்குலமாக இறங்கும்.

வாங்கும்போது வளையத்தைத்தான் முதலில் பாருங்கள். சுமார் 3 அங்குல விட்டம், இணைப்புத் தெரியாத முழு வளையம், அலுமினியமோ கெட்டியான நைலானோ. வெல்டிங் செய்த தழும்பு விரலில் தட்டுப்பட்டால் வேண்டாம். அந்த இடத்தில்தான் விடும். கைவினைக் கடைகளில் கிடைக்கும் வளையத்தை வாங்கி வீட்டிலேயே தைக்கும் யோசனையும் வேண்டாம். துணி கைத்தறிப் பருத்தியாகவோ லினன் கலந்ததாகவோ இருக்கட்டும். சாட்டின், வழவழப்பான பாலியெஸ்டர் எல்லாம் வளையத்தில் நிற்காமல் மெல்ல மெல்ல வழுகும். மேல் ஓரமும் கீழ் ஓரமும் வேறு வேறு நிறத்தில் உள்ள துணி கிடைத்தால் விடாதீர்கள். மேல் ஓரத்தை மட்டும் இறுக்க வேண்டிய தருணத்தில் எந்த ஓரம் எது என்று கண் தேட வேண்டியிராது.

இதில் பலரும் செய்யும் தவறு, வளையத்தைத் தாழ்வாக வைத்துத் தொடங்குவது. துணியை இறுக்க இறுக்க வளையம் கீழே வரும். மார்புக்கு நேராகத் தொடங்கினால் விலாவுக்குப் போய்விடும், பிறகு இறுக்க இடமிருக்காது. உலோகம் மார்பிலேயே அழுந்தும். தோள்பட்டையின் உச்சியில் வைத்துத் தொடங்கினால், குழந்தை அமர்ந்த பிறகு காறை எலும்புக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். அதுதான் இடம். ஒரே தோளில் மாட்டிப் பழகிவிட்டால் ஒரு பக்கக் கழுத்து வலிக்கும். மாற்றி மாற்றிப் போடுங்கள்.

நீளும் ராப்: உடம்பில் சுற்றிக் கட்டும், பனியன் துணி போல இழுத்தால் நீளும், சுமார் 5 மீட்டர் துணி. காலையில் ஒருமுறை உடம்பில் கட்டிக்கொண்டால் முடிச்சை அவிழ்க்காமலே குழந்தையை எடுக்கலாம், வைக்கலாம். முதல் மூன்று மாதத்துக்கு இதைவிட இதமானது வேறில்லை. ஆனால் குழந்தையின் மேல் மூன்று அடுக்குத் துணி வரும். சித்திரை வெயிலில் மின்விசிறிக்கடியிலும் இருவரும் நனைந்துபோவார்கள். ஊட்டியிலோ நுவரெலியாவிலோ லண்டனிலோ இருப்பவர்களுக்குப் பொருந்தும். குழந்தை ஆறேழு கிலோவைத் தாண்டினால் துணி தொய்யத் தொடங்கும். தொய்வோடு பால் கொடுக்க முயன்றால் தலை எங்கே போகிறதென்றே தெரியாது.

நெய்த ராப்பும் சேலையும்: இழுத்தால் நீளாத நெய்த ராப் 4.6 மீட்டர், 5.2 மீட்டர் என்ற அளவுகளில் விற்கிறது, விலையும் கூடுதல். நம் பருத்திச் சேலை ஐந்தரை மீட்டர். நீளவாக்கில் இரண்டாக மடித்தால் அகலம் 55 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடும். அளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. ரவிக்கைத் துணியும் சேர்ந்திருந்தால் அதை வெட்டிவிடுங்கள், முடிச்சு பெருக்கும். பட்டு வழுக்கும், ஜரிகைக் கரை குழந்தையின் தொடையைக் கீறும், சின்தெடிக் சேலை வியர்வையைக் குடிக்காது. பாட்டியின் பழைய நூல் சேலை மென்மையாக இருக்கிறதே என்று எடுப்பவர்கள், அதை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். இழை விலகி வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தால் அது தூளிக்குக்கூட ஆகாது.

சேலை என்றதும் நமக்குத் தூளி நினைவுக்கு வருவதால், சிலர் அதைத் தூளிபோலவே கழுத்தில் மாட்டிக் குழந்தையைக் குறுக்கே படுக்க வைத்துவிடுகிறார்கள். டப்பாப் படத்தில் பார்த்த அதே ஆபத்து. நரிக்குறவர் பெண்கள் தோளில் குறுக்காகக் கட்டும் துணியைக் கவனித்தால், கழுத்து நின்ற குழந்தை அதில் கால் இரண்டும் தாயின் இடுப்பை அணைத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும், முகம் வெளியே இருக்கும். பின்பற்ற வேண்டிய உட்காரும் முறை அதுதான். ராப் கட்டுவதை ஒருவர் நேரில் சொல்லிக்கொடுத்துக் கற்பது நல்லது. பால் கொடுக்க என்று பார்த்தால் இது கொஞ்சம் மெதுவானது: முடிச்சைத் தளர்த்தி, ஒவ்வொரு அடுக்கையும் இழுத்துவிட்டு, மறுபடி இறுக்க வேண்டும்.

பக்கிள் கேரியர்: இடுப்பில் பட்டை, தோளில் இரண்டு வார், நடுவில் குழந்தையைத் தாங்கும் துணி. நீண்ட நேரம் நடக்க, கனம் கூடிய குழந்தையைச் சுமக்க, அப்பா மாட்டிக்கொள்ள இதுதான் வசதி. இதன் குறிப்பேட்டில் முதலில் படிக்க வேண்டியது குறைந்தபட்ச எடை. பலவற்றில் 3.2 கிலோ, 3.5 கிலோ என்று போட்டிருப்பார்கள். நம் ஊரில் 2.7, 2.8 கிலோவில் நலமாகப் பிறக்கும் குழந்தைகள் ஏராளம். அந்தக் குழந்தையைப் பிறந்த வாரமே உள்ளே வைத்தால் பைக்குள் மூழ்கிவிடும். எடை ஏறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

பால் கொடுக்கும் தாய் இதில் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது தோள் வார். அதை இறுக்கும் கொக்கி கை எட்டும் இடத்தில், அக்குளுக்குக் கீழே முன்பக்கமாக இருக்க வேண்டும். ஒரு கை குழந்தையைத் தாங்கியிருக்க, மற்றக் கையால் தளர்த்த முடிய வேண்டும். வாரை இரு திசையிலும் இழுக்கக்கூடிய வகை கிடைத்தால் நல்லது. இரண்டாவது, பிடரிக்குப் பின்னால் வரும் குறுக்கு வார். முதுகில் இரண்டு வாரையும் இணைக்கும் இந்தக் கொக்கியைத் தானே மாட்டிக் கழற்ற முடியாமல் தவிக்கும் பெண்கள் அதிகம். ஒரு நாளில் பத்து முறை குழந்தையை எடுத்து வைக்கப் போகிறவருக்கு, வாரை முதுகில் பெருக்கல் குறிபோலப் போட்டுப் பக்கவாட்டில் பக்கிள் மாட்டும் வகை கைகொடுக்கும். மூன்றாவது நடுத்துணி. அதன் உயரம் குழந்தையின் பிடரி வரை வர வேண்டும். அகலம் ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை. இரண்டையும் கூட்டிக் குறைக்க முடிந்தால் ஒரே கேரியர் நெடுநாள் வரும். முழங்கால் பிட்டத்தைவிட உயர்ந்து, கால்கள் ‘எம்’ எழுத்துப் போல் அமைவது இடுப்பு மூட்டுக்கு நல்லது. நடுவில் ஒடுங்கிய துணி இருந்தால் கால்கள் தொங்கும், உடலின் பாரம் முழுவதும் கவட்டையில் இறங்கும்.

சிசேரியன் ஆனவர்கள் இடுப்புப் பட்டையைத் தையலுக்கு மேலே, வயிற்றின் நடுவே கட்டலாம். அங்கும் வலித்தால் ஆறேழு வாரம் ரிங் ஸ்லிங்கோடு இருந்துவிடுங்கள்.

குழந்தை வெளியே பார்த்தபடி உட்காரும் வகையும் முதுகில் சுமக்கும் வகையும் பால் விஷயத்தில் பயனில்லை. பசிக்கிறது என்று தெரிவதற்கே நேரமாகும்.

உடையும் நகையும்

கேரியர் சரியாக இருந்தும் பால் கொடுக்க முடியாமல் போவது பெரும்பாலும் உடையால். முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கை நல்லது. கீழ்க்கொக்கி இரண்டை அவிழ்த்தால் போதும். இரு பக்கமும் ஜிப் வைத்த ஃபீடிங் நைட்டியில் ஜிப் நடுத்துணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அதனால் கேரியர் கட்டும் முன்பே ஜிப் தலைப்பை மேலே இழுத்து வையுங்கள். உயரக் கழுத்துள்ள, தலைவழி மாட்டும் குர்தா கேரியரோடு ஒத்துவராது.

தாலிச் சங்கிலியில் ஊக்குகளைக் கோத்து வைத்திருக்கும் வழக்கம் நமக்கு உண்டு. கேரியர் இறுக்கும்போது அந்த ஊக்கு சரியாகக் குழந்தையின் கன்னத்துக்கும் உங்கள் நெஞ்சுக்கும் நடுவில் வரும். திறந்துகொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊக்குகளைக் கழற்றிவிட்டு, சங்கிலியை முதுகுப் பக்கம் தள்ளிவிடுங்கள். குழந்தையின் அரைஞாண் கயிற்றில் தாயத்தோ வெள்ளி மணியோ இருந்தால், இடுப்புப் பட்டையின் அழுத்தத்தில் அது தோலில் பதிந்து சிவந்துபோகும். கொலுசு ராப்பின் இழையில் சிக்கும்.

முந்தானையால் மூடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பொது இடத்தில் பால் கொடுக்கும்போது துப்பட்டாவையோ முந்தானையையோ குழந்தையின் தலைக்கு மேல் போடுவது நமக்குப் பழக்கம். மடியில் வைத்துக் கொடுக்கும்போது அது கூடாரம்போல விலகி நிற்கும். கேரியருக்குள் அப்படி நிற்காது, முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே சூடும் ஏறும், குழந்தையின் முகமும் உங்களுக்குத் தெரியாது. மறைப்பு வேண்டுமென்றால் உங்கள் தோளின் வெளிப்பக்கத்திலிருந்து பக்கவாட்டில் தொங்கவிடுங்கள். மேலே இருந்து நீங்கள் பார்க்கும் வழி திறந்தே இருக்கட்டும்.

உட்கார்ந்து கொடுக்கும் முறை

கழுத்து நின்ற, நாலு மாதம் கடந்த குழந்தைக்கு இது. முதலில் உட்காருங்கள், முதுகுக்குச் சாய்மானம் இருக்கட்டும். ஒரு கையைக் குழந்தையின் பிட்டத்துக்கு அடியில் கொடுத்துக் கனத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். கனம் துணியில் இருக்கும்போது தளர்த்தினால் குழந்தை ஒரே இறக்கமாக இறங்கிவிடும். மறு கையால் வளையத்தைச் சாய்த்தோ வாரைத் தளர்த்தியோ, குழந்தையின் மூக்கு உங்கள் காம்புக்கு நேராக வரும்வரை இறக்குங்கள். வாய் நேராக வந்ததுமே நிறுத்தினால் இறக்கியது போதாது. பற்றுவதற்குக் குழந்தை தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து வாயை அகலத் திறக்க வேண்டும், அதற்கு மூக்கு மட்டம்தான் சரி. இறக்கியதும் தொய்வை எடுத்துவிடுங்கள். பிறகு உடையை விலக்கி, மார்பை அடியிலிருந்து கையால் ஏந்திக் கொடுங்கள். காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும். மார்பகம் பெரிதாக இருந்தால் ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி மார்பின் அடியில் வைத்தால் காம்பு மேலே வரும், குழந்தையை அவ்வளவு தாழ்த்த வேண்டியிராது.

குடித்து முடிக்கும்வரை ஒரு கை குழந்தையின் தோளுக்கும் கழுத்துக்கும் பின்னால் இருக்கட்டும். பின்னந்தலையை அழுத்தாதீர்கள், அழுத்தினால் மோவாய் நெஞ்சுக்குப் போய்விடும். மூக்குத் துளைகள் இரண்டும் தெரிகின்றனவா என்று பார்த்தபடி இருங்கள். முடித்ததும் மார்பை விடுவித்து, முத்தமிடும் உயரத்துக்கு ஏற்றி, மேல் ஓரத்தையும் சேர்த்து இறுக்கி, நிமிர்ந்த நிலையிலேயே ஏப்பம் விடச் செய்யுங்கள். தாழ்த்திய நிலையிலேயே தூங்கவிட்டு எழுந்து நடப்பதுதான் இருப்பதிலேயே மோசமான பழக்கம்.

மூக்கு விடைத்தாலோ, மூச்சு விடும்போது முனகலோ விசில் சத்தமோ வந்தாலோ, விலா உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ யோசிக்காமல் வெளியே எடுத்துச் சமமான இடத்தில் மல்லாத்திப் படுக்க வையுங்கள். சரியாகவில்லை என்றால் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

எங்கே தவறுகிறது

காம்பு வலி வந்தால் பெரும்பாலும் குழந்தை மிகத் தாழ்ந்து, மார்பைக் கீழ்நோக்கி இழுத்துத் தொங்குகிறது என்று பொருள். இரண்டு அங்குலம் ஏற்றிப் பாருங்கள். மார்பில் ஒரே இடத்தில் கட்டிபோலத் தட்டுப்பட்டு வலித்தால், வாரோ வளையமோ அந்த இடத்தை மணிக்கணக்கில் அழுத்தியிருக்கும். பால் கட்டிக்கொண்டு, சில நேரம் காய்ச்சலும் வரலாம். வாரின் இடத்தை மாற்றி, அந்தப் பக்கம் அடிக்கடி பால் கொடுங்கள். காய்ச்சல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

வெயில் காலத்தில் கேரியர் துணியையும் ஓர் உடுப்பாகக் கணக்கில் எடுங்கள். உள்ளே ஒரு மெல்லிய பருத்தி ஜப்லா போதும். தொப்பி, சாக்ஸ் வேண்டாம். கை, கால் சூட்டை வைத்து முடிவு செய்யாமல் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எவ்வளவு வெயிலானாலும் தண்ணீர் கொடுக்க வேண்டாம், பாலையே இன்னும் அடிக்கடி கொடுங்கள்.

அடுப்படியில் கேரியர் கூடாது. எண்ணெய் தெறிக்கும் உயரத்தில்தான் குழந்தையின் கால் இருக்கும். இருசக்கர வண்டியில் கேரியரில் கட்டிக்கொண்டு போவதும் கூடாது. சட்டம் சொல்லும் குழந்தைகளுக்கான பாதுகாப்புப் பட்டை வேறு பொருள், கேரியர் அதற்கு ஈடல்ல. காரிலும் அப்படித்தான்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டிய சோதனை

விலைச்சீட்டைக் கிழிக்கும் முன் மூன்று கிலோ அரிசியை ஒரு துணிப்பையில் கட்டி, கண்ணாடி முன் கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேரியரில் வையுங்கள். தையல்களை இழுத்துப் பாருங்கள்: வாரும் நடுத்துணியும் சேரும் இடத்தில் பெட்டிபோலத் தைத்து, நடுவில் பெருக்கல் குறித் தையலும் இருக்க வேண்டும். பக்கிளை நாலைந்து முறை மாட்டிக் கழற்றுங்கள், மாட்டும்போது ‘டக்’ என்று ஒலி கேட்க வேண்டும். பிறருடையதை வாங்கியிருந்தால் பக்கிளின் மடிப்பில் வெளுத்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அது விரிசலின் தொடக்கம்.

பிறகு இடது கையை அரிசிப் பையின் அடியில் கொடுத்து, வலது கையால் மட்டும் தளர்த்தி இறக்கி, திரும்ப ஏற்றி இறுக்குங்கள். கை மாற்றி இன்னொரு முறை. அடுத்து, பையை முழுதாக வெளியே எடுத்து மறுபடி வையுங்கள். இரவு மூன்று மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், அழும் குழந்தையோடு இதையே செய்ய வேண்டியிருக்கும். பகல் வெளிச்சத்தில் அசையாத அரிசிப் பையோடு ஐந்தாறு முறை பழகிய பிறகும் இரண்டாவது ஆள் தேவைப்பட்டால், ரசீதோடு போய்த் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.